நமக்க ஆளு

என் தங்கச்சி எனக்கு எழுதிய கடைசி மெயில் ஓணம் கழிந்த வாரத்தில் வந்தது. அதன்பிறகு ஐப்பசி போனது, கார்த்திகை போனது, பொங்கலும் போனது. நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எழுதிக்கொண்டிருந்தேன். அவள் எழுதவில்லை. மாசியில் கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்து, வீட்டுக்கு முன்னால் உள்ள வயல் வெறும் தாளாகக் கிடந்த சமயத்தில், நான் வேலை பார்க்கும் கல்லூரியின் மெயில் சர்வர் யார் யாருடைய குப்பையையோ சுமந்து உலகம் முழுக்க அனுப்பிக்கொண்டிருப்பது தெரியவந்தது. அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அதுதான் நடந்தது.

ஏன் சந்தோஷம் என்று விளங்க வேண்டுமானால் எங்கள் ஏற்பாட்டைச் சொல்ல வேண்டும். தங்கச்சி கல்யாணம் கழிந்து நியூசிலாந்துக்குப் போனாள். போன புதிதில் போனில்தான் பேசினோம். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், மழை உண்டா, இல்ல. இவ்வளவில் பேச்சு தீர்ந்துவிடும். ஒருநாள் அவளே சொன்னாள், "அக்கா, நாம மெயில் எழுதுவோம். எழுதுனா நெறைய சொல்லலாம்லா." அவளிடம் இருந்தது என் கல்லூரி முகவரி. அதற்கே எழுதினாள், அதிலிருந்தே நான் பதில் எழுதினேன். அவள் இரண்டு பத்தி எழுதுவாள். நான் இரண்டு பக்கம் எழுதுவேன். சிறுவயதிலிருந்தே எங்கள் வீட்டில் வாயாடி நான்தான், அவள் கேட்டுக்கொண்டிருப்பாள்.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு இராஜாக்கமங்கலத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டில் நான் மட்டும்தான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று ஊர் சொல்லும். நான் செய்துகொள்ளவில்லை என்பது வேறு விஷயம். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி துவைத்துப் போட்டுவிட்டு, கட்டஞ்சாயா ஒன்று போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், கிணற்றில் தண்ணீர் எந்தப் படியில் நிற்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் நம் மதிலில் சாய்த்து விறகு அடுக்கியதற்கு நான் போட்ட சண்டை, முற்றத்துப் பலாவில் வரிக்கைச் சக்கை இந்த வருஷம் அடிமரத்திலேயே பிஞ்சு பிடித்திருப்பது, எல்லாவற்றையும் எழுதுவேன். வாரத்தில் மற்ற நாட்களில் நான் பேசுவது பெரும்பாலும் கம்ப்யூட்டரோடும் பஸ் கண்டக்டரோடும். அந்த இரண்டு பக்கம்தான் நான் ஒரு மனுஷியோடு பேசிய பேச்சு.

அவளுடைய கடைசி மெயிலில் ஒரு வரி இருந்தது. "அக்கா, நீ எழுதுனத வாசிச்சா நம்ம வீட்டுக்க மணம் வருது." அதை நான் எத்தனை முறை திறந்து படித்தேன் என்று கேட்காதீர்கள். அப்படி எழுதியவள் அடுத்த வாரம் எழுதவில்லை. அதற்கு அடுத்த வாரமும் எழுதவில்லை. பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று நினைத்தேன். பிறகு வேலை அதிகம் என்று நினைத்தேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவள் இருந்தாள். சித்தி மகனின் புது ஸ்கூட்டருக்கு ஹார்ட்டு போட்டாள். யாரோ அனுப்பிய காலை வணக்கப் பூவுக்குக் கும்பிட்டாள். ஆக, ஆள் நன்றாகத்தான் இருக்கிறாள். விரலும் நன்றாகத்தான் இருக்கிறது.

கேட்டிருக்கலாமே என்பீர்கள். ஒரு வரி வாட்ஸ்அப்பில் தட்டினால் தீர்ந்தது. நான் கேட்கவில்லை. கேட்டு வாங்குகிற சோற்றுக்கு ருசி இல்லை என்பது என் குணம். அம்மா இருந்தவரை இந்தக் குணத்துக்கு 'முறுக்கு' என்று பெயர் வைத்திருந்தாள். அதுவும் போக, எனக்குப் பயமாக இருந்தது. கேட்டால் பதில் சொல்லிவிடுவாள் என்ற பயம்.

அந்த நேரத்தில்தான் கல்லூரி முதல்வர் என்னைக் கூப்பிட்டார். தக்கலையிலிருந்து உள்ளே போகிற சாலையில் உள்ள சின்ன இன்ஜினியரிங் கல்லூரி அது. நான் அங்கே சிஸ்டம் அட்மின், அதாவது பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் இணையம் நின்றாலும் கூப்பிடப்படும் ஆள். பிள்ளைகளுக்கு வேலை வாங்கிக் கொடுக்கிற பிரிவிலிருந்து கம்பெனிகளுக்கு அனுப்பிய மெயிலெல்லாம் திரும்பி வருகிறது என்றார் முதல்வர். அவர் முகத்தில் கவலை. கடைசி வருடப் பிள்ளைகள் பலர் அந்தக் கம்பெனிகளை நம்பித்தான் இருந்தார்கள். திரும்பி வந்த ஒன்றை வாங்கிப் பார்த்தேன். 'உங்கள் சர்வர் தடைப் பட்டியலில் இருக்கிறது, ஆகவே வாங்கமாட்டோம்' என்ற பொருளில் எதிர்த்தரப்பு எழுதியிருந்தது.

மெயில் சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தது நான் இல்லை. என்னோடு வேலை பார்த்த, என்னைவிட இளைய பையன் ஒருவன் பார்த்தான். ஓணத்துக்கு முன்பே துபாய்க்கு வேலை கிடைத்துப் போய்விட்டான். அதன்பிறகு அது என் தலையில் வந்தது. ஓடுகிற வண்டியின் பானெட்டைத் திறக்கக்கூடாது என்பது எங்கள் தொழிலின் மூடநம்பிக்கை. அன்று திறந்தேன். வெளியே போகக் காத்துக்கிடந்த மெயில்கள் கரையொதுங்கிய மத்தி மாதிரி குவிந்து கிடந்தன. ஈடு கேட்காத கடன், உடம்பு மெலியும் மாத்திரை, லாட்டரிப் பரிசு. எதுவும் எங்கள் கல்லூரியில் யாரும் எழுதியதல்ல. எங்கோ இருக்கிறவன் எழுதி, எங்கோ இருக்கிறவருக்கு, எங்கள் வழியாக அனுப்பிக்கொண்டிருந்தான்.

இதை முதல்வருக்கு விளக்க எனக்குக் கைகொடுத்தது பஸ்தான். எங்கள் பக்கத்தில் பஸ்ஸில் பொட்டலம் கொடுத்தனுப்புகிற பழக்கம் உண்டு. நாகர்கோவிலில் கண்டக்டரிடம் ஒரு கவரைக் கொடுத்து, மார்த்தாண்டம் ஸ்டாண்டில் ஒருத்தர் வந்து வாங்கிக்கொள்வார் என்றால் அவரும் வாங்கி டிரைவருக்குப் பக்கத்தில் வைப்பார். தெரிந்த முகமென்றால் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் நிற்கிற இடமெல்லாம் யார் எதை நீட்டினாலும் வாங்கிப் போட்டுக்கொண்டால் என்ன ஆகும்? ஒருநாள் களியக்காவிளை செக்போஸ்ட்டில் ஒரு பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்பார்கள். அதன்பிறகு அந்த பஸ் என்றாலே நிறுத்துவார்கள். உள்ளே மகளுக்குப் பலகாரம் கொண்டுபோகிற அம்மாவையும் சேர்த்து இறக்கிவிடுவார்கள். எங்கள் சர்வர் அந்த பஸ்ஸாகிவிட்டது. நல்ல மெயிலையும் யாரும் வாங்கவில்லை.

விளக்கிவிட்டு என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினேன். பலகாரம் கொண்டுபோகிற அம்மா என்று சொன்னபோதே எனக்குத் தங்கச்சி ஞாபகம் வந்துவிட்டது. என் மெயில்களும் இதே பஸ்ஸில்தானே போயிருக்கின்றன? அவளுக்குக் கிடைக்கவே இல்லையோ? அங்கே அவள், அக்கா எழுதுவதை நிறுத்திவிட்டாள் என்று நினைத்து, அதே முறுக்கோடு உட்கார்ந்திருக்கிறாளோ? ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே, முறுக்கு எனக்கு மட்டுமா வரும்? மெயில் சேரவில்லை என்றால் திரும்பி வருமே என்று எனக்கே ஒரு கேள்வி வந்தது. அதற்கும் பதில் கிடைத்தது. குப்பைகள் திரும்பி வந்து வந்து பெட்டி நிறைந்ததால், வேலைவாய்ப்புப் பிரிவுக்கு வருவதை மட்டும் விட்டுவிட்டு, திரும்புகிற மற்ற எல்லாவற்றையும் தானாக அழிக்கும்படி அந்தப் பையன் போகும் முன்பே ஏற்பாடு செய்திருந்தான். நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தேன். பல மாதங்களுக்குப் பிறகு எனக்கு வயிறு நிறைந்தது போல இருந்தது.

கதவு எங்கே திறந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க அதிக நேரமாகவில்லை. யாரிடமிருந்து கேள்வி கேட்காமல் மெயில் வாங்கலாம் என்று சர்வருக்குச் சொல்கிற ஒரு வரி உண்டு. அதில் கல்லூரிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்களின் எண்கள் மட்டும் இருக்க வேண்டும். அவற்றோடு வெளியாள் எண் ஒன்றும் சேர்ந்திருந்தது. அதற்கு மேலே ஆங்கில எழுத்தில் அந்தப் பையன் குறிப்பு எழுதியிருந்தான்: 'நமக்க ஆளு'.

துபாய்க்குக் கூப்பிட்டேன். சாப்பாட்டு நேரத்தில் எடுத்தான். அவன் குரலில் ஒரு பதற்றமும் இல்லை.

"அக்கா, அது தாளாளர் சாருக்க வீட்டுக்காக்கும். அவருக்குப் பாஸ்வேர்டு ஒண்ணும் ஓர்மை நிக்காது. வீட்டு இணைப்புக்க நம்பரோ தெனமும் மாறும். அதான் முதல் நம்பர மட்டும் பாத்தா போதும்ணு விட்டேன்."

ஒவ்வொரு இணையத் தொடர்புக்கும் நான்கு துண்டுகளாக ஒரு எண் இருக்கும். முதல் துண்டு மட்டும் பொருந்தினால் போதும் என்றால், அந்த ஒரு துண்டைக் கொண்ட வீடு தக்கலையிலும் இருக்கும், டெல்லியிலும் இருக்கும், டெல்லிக்கு அப்பாலும் இருக்கும். தாளாளர் ஒருவர் செருப்பைக் கழற்றாமல் உள்ளே வருவதற்காக மதிலையே இடித்துப் போட்டிருக்கிறான். எப்போது போட்டாய் என்று கேட்டேன். ஆடியில் என்றான். இத்தனை பேருக்குத் திறந்து விட்டாயே, இவர்களெல்லாம் யார் என்று கேட்டேன். வாயில் இருந்ததை விழுங்கினான். பிறகு, "ஆளு நமக்க ஆளுண்ணா நம்பித்தானே அக்கா ஆவணும்" என்றான்.

அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. எங்கள் ஜில்லாவே அந்தச் சொல்லில்தான் ஓடுகிறது. தாலுகா ஆபீஸில், ஆஸ்பத்திரியில், கல்யாணப் பந்தியில், 'இது நமக்க ஆளாக்கும்' என்று யாராவது தோளில் கைவைத்துச் சொல்லிவிட்டால் வரிசை தானாக விலகும். நமக்க ஆளிடம் அத்தாட்சி கேட்பது அவமரியாதை. பாஸ்வேர்டு கேட்பதும் அதே கணக்கில்தான் வரும். வேறு ஊரில் இந்தத் தப்பை ஒருவன் சோம்பேறித்தனத்தால் செய்வான், இங்கே மரியாதையால் செய்திருக்கிறான். இடம் கொடுத்தால் மடம் பிடுங்குகிறவர்கள் உலகத்தில் உண்டு என்பது அந்தப் பையனுக்கு ஓர்மை வரவில்லை.

ஆனால் என் காதில் விழுந்தது வேறு. ஆடியில் கதவு திறந்திருக்கிறது. ஓணம் கழிந்து தங்கச்சியின் பதில் நின்றிருக்கிறது. இடையில் சில வாரம்தான். குப்பை பெருகி எங்கள் பெயர் தடைப் பட்டியலில் ஏற அவ்வளவு காலம் பிடித்திருக்கும். கணக்கு அழகாகப் பொருந்தியது. வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். எப்படிப் போட்டாலும் விடை ஒன்றுதான். அவளுக்கு என் மெயில் கிடைக்கவில்லை.

வீட்டிலிருந்து ஒரு சோதனை செய்தேன். வெளியே இருந்து சர்வரோடு நேரடியாகப் பேசி, இல்லாத ஒருவர் பெயரில், இல்லாத இன்னொருவருக்கு மெயில் தர முடியுமா என்று பார்ப்பது. நீ யார் என்று அது கேட்கவே இல்லை. சரி, கொடு என்றது. என் வீட்டு இணைப்பும் தாளாளர் வீட்டு இணைப்பும் ஒரே கம்பெனி. ஆகவே நானும் நமக்க ஆளு. பொய்ப் பெயரில் வந்தாலும் நமக்க ஆளு.

மறுநாள் கல்லூரிப் பெட்டியில் வந்து கிடந்தவற்றைப் புரட்டினேன். எங்கள் பெயரில் போன குப்பைக்கு நேரடியாக வந்த பதில்கள். பெரும்பாலும் வசவு. ஆங்கிலத்திலும், எனக்குத் தெரியாத மொழிகளிலும். இனி எனக்கு எழுதினால் போலீஸுக்குப் போவேன் என்று ஒருவர். நடுவில் ஒன்று வேறு மாதிரி இருந்தது. வயதானவர் போலத் தெரிந்தது, ஒரு பெண். எனக்குக் கடன் தேவையில்லை, வீட்டுக்காரர் போன பிறகு செலவும் குறைவு, இருந்தாலும் நினைத்து எழுதியதற்கு நன்றி, உங்கள் ஊரில் இப்போது வெயிலா மழையா என்று கேட்டிருந்தார்.

அதைப் படித்துவிட்டு நான் வெகுநேரம் வேறு வேலை பார்க்கவில்லை. குப்பைக்குக்கூடப் பதில் எழுதுகிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். யாரோ ஒரு களவாணி, கோடி பேருக்கு அனுப்பியதில் ஒன்று இவருக்கும் போக, அது தனக்கே எழுதியது என்று நினைத்து வெயிலா என்று கேட்கிறார். எனக்கு அவர்மேல் பாசமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. அந்த எரிச்சலுக்குக் காரணம் அவர் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். இங்கே வெயில் என்று எழுத விரல் போனது. எழுதினால் நாளை இன்னொரு களவாணியையும் நம்புவார். அழித்துவிட்டேன்.

சரிசெய்யும் வேலையை மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஜில்லாவே விடுமுறை விட்ட நாளில் வைத்துக்கொண்டேன். சர்வரை நிறுத்தினால் யாரும் கத்தமாட்டார்கள். காலையில் எங்கள் நிறுத்தத்தில் வந்த பஸ்ஸெல்லாம் மண்டைக்காட்டுக்குத்தான் போயின. பெண்கள் குடும்பம் குடும்பமாக, குளித்த ஈரத்தலையோடு, பொங்கல் பானையும் அரிசிப் பையுமாக ஏறினார்கள். பக்கத்து வீட்டுக்காரி ஏறும்போது என்னைப் பார்த்து, வரலியா என்று கேட்டாள். வேலை உண்டு என்றேன். அம்மா இருந்தபோது நாங்கள் மூன்று பேரும் போவோம். தங்கச்சிக்குப் புகை கண்ணில் பட்டால் ஆகாது, பானையில் பொங்கி வருகிற சமயத்தில் என் முதுகில் முகத்தை வைத்துக்கொள்வாள். நான் எதிர்ப்பக்கம் நின்று நாகர்கோவில் பஸ்ஸைப் பிடித்தேன். உள்ளே டிரைவரும் கண்டக்டரும் நானும் மட்டுமே இருந்தோம்.

கல்லூரியில் வாட்ச்மேன் கதவைத் திறந்துவிட்டுவிட்டுத் தன் ரேடியோவிடம் போனார். சர்வர் அறையில் ஏசி ஓடுகிற சத்தம் தவிர வேறு ஒன்றும் இல்லை. முதலில் வெளியே போகிற வழியை அடைத்தேன். குவிந்து கிடந்ததைத் துடைத்துப் போட்டேன். பிறகு அந்த வரியைத் திறந்து, நமக்க ஆளு என்ற குறிப்பையும் அதன் கீழே இருந்த எண்ணையும் அழித்தேன். அலுவலகத்து ஸ்கேனரை மட்டும் விட்டுவைத்தேன், அதற்குப் பாஸ்வேர்டு தட்டக் கையில்லை. மீதி யாராக இருந்தாலும், கல்லூரிக்குள் உட்கார்ந்திருந்தாலும், பாஸ்வேர்டு சொன்னால்தான் வெளியே அனுப்பலாம் என்று எழுதினேன். எங்களுக்கு என்று வருகிற மெயிலை யார் கொண்டுவந்தாலும் வாங்கிக்கொள்வோம். எங்கள் வழியாக வேறு யாருக்கோ போக வேண்டியதைத் தெரியாதவர் நீட்டினால் வாங்கமாட்டோம். இவ்வளவுதான் விஷயம். எழுதி முடித்துப் பார்த்தபோது கேள்வி இல்லாமல் நம்பப்படுகிறவர்கள் வரிசையில் அந்த ஸ்கேனரும், சர்வரின் சொந்த எண்ணும் மட்டும் இருந்தன. தனக்குத் தானே ஆள். எனக்குப் பழக்கமான நிலைமைதான்.

போனில் இணையத்தைத் திறந்து, வெளியாள் போல மறுபடி சர்வரிடம் பேசினேன். அதே பொய்ப் பெயர், அதே இல்லாத முகவரி. இந்த முறை அனுமதி இல்லை என்றது. நான் என் வாழ்க்கையில் கேட்ட மறுப்புகளிலேயே எனக்குப் பிடித்தது அதுதான். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. வாட்ச்மேனிடம் போய்ச் சரியாகிவிட்டது என்றேன். என்ன என்று கேட்காமல் நல்லது என்றார்.

மறுநாள் தாளாளர் கோபத்தோடு கூப்பிட்டார். வயதானவர், குளச்சலில் மீன் ஏற்றுமதி செய்து சம்பாதித்துக் கல்லூரி கட்டியவர். மெயில் அனுப்ப முடியவில்லை, பாஸ்வேர்டு கேட்கிறது என்றார். நானே அவர் வீட்டுக்குப் போனேன். அவரும் மனைவியும் மட்டும் இருக்கும் பெரிய வீடு. பிள்ளைகளின் அறைகள் பூட்டியிருந்தன. மனைவி சக்கை வற்றலும் சாயாவும் கொண்டுவந்து வைத்தார். தாளாளர் கம்ப்யூட்டரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"மக்களே, நான் கட்டுன காலேஜு. நான் வெளியாளா?"

மகளே என்பதற்கு எங்கள் பக்கத்தில் மக்களே. அவர் குரலில் கோபம் போய் வேறு ஏதோ இருந்தது. நான் சமாதானம் சொல்லத் தெரியாதவள். உள்ளதைச் சொன்னேன். "சார் வெளியாளு இல்ல. ஆனா வந்திருக்கது சார்தான்னு அதுக்கு எப்படித் தெரியும்? சார் ஒரு வார்த்த சொன்னாத்தானே தெரியும்."

அவர் சிரித்தார். மறக்காத மாதிரி ஒன்று போட வேண்டும் என்று இரண்டு விரலால் தேடித் தேடித் தட்டினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். போகும்போது மனைவி மீதி வற்றலைப் பொதிந்து கையில் கொடுத்தார். பஸ்ஸில் அதைத் தின்றுகொண்டே, நான் அவரிடம் சொன்னதை நினைத்தேன். ஒரு வார்த்தை சொன்னால்தானே தெரியும் என்று ஊருக்கு உபதேசம். எனக்கும் தங்கச்சிக்கும் நடுவில் அந்த ஒரு வார்த்தையை யாரும் சொல்லவில்லை.

தடைப் பட்டியல்களிலிருந்து பெயரை எடுக்கும்படி விண்ணப்பித்தேன். தவறு திருத்தப்பட்டது, கதவு அடைக்கப்பட்டது, மறுபடி நடக்காது என்று ஒவ்வொன்றுக்கும் எழுத வேண்டும். குற்றம் செய்யாதவர்களின் மன்னிப்புக் கடிதம். சிலர் உடனே எடுத்தார்கள், சிலர் காக்கவைத்தார்கள். அந்தக் காத்திருப்பு எனக்கு வேண்டியிருந்தது. பட்டியலில் பெயர் இருக்கும்வரை தங்கச்சி எழுதாததற்கு ஒரு காரணம் இருந்தது. சொல்லப்போனால் வேறு முகவரியிலிருந்து அவளுக்கு ஒரு வரி அனுப்பி அன்றே சோதித்திருக்கலாம். இலவசமாக எத்தனை முகவரி வேண்டுமானாலும் கிடைக்கும். நான் அனுப்பவில்லை. அதற்கும் பதில் வராமல் போனால் பிறகு நினைத்துக்கொள்ள என்னிடம் ஒன்றும் இருக்காது.

சர்வர் தான் அனுப்பியதையெல்லாம் பதிந்து வைக்கும். பழையவை அழிந்துவிட்டன, கடைசிச் சில வாரங்களுடையது மட்டும் இருந்தது. அதில் தங்கச்சியின் முகவரியைத் தேடினேன். நான் அனுப்பிய ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொன்றுக்கும் நேராக, எதிர்த்தரப்பு ஏற்றுக்கொண்டது என்று இருந்தது. கம்பெனிகளெல்லாம் திருப்பியடித்த அதே வாரங்களில் அவளுடைய மெயில்காரர்கள் மட்டும் வாங்கியிருக்கிறார்கள். மறுபடி முதல் ஞாயிறிலிருந்து பார்த்தேன். பிறகு வாதாடினேன். ஏற்றுக்கொண்டேன் என்றுதானே சொல்கிறது, எங்கே வைத்தேன் என்று சொல்லவில்லையே? குப்பைக் கூடையில் போட்டிருப்பார்கள். அவள் கூடையைத் திறந்தே பார்த்திருக்க மாட்டாள். என் வக்கீல் மிகவும் கெட்டிக்காரி, கட்சிக்காரிதான் நம்பவில்லை.

கடைசிப் பட்டியலிலிருந்தும் பெயர் எடுக்கப்பட்டது என்று செய்தி வந்தது ஒரு காலை நேரத்தில். எங்கள் வழக்கப்படி பழுது பார்த்ததும் சில முகவரிகளுக்குச் சோதனை மெயில் அனுப்பிப் பார்க்க வேண்டும். முதல்வருக்கு ஒன்று, வேலைவாய்ப்புப் பிரிவுக்கு ஒன்று, வெளியே உள்ள நாலைந்து பேருக்கு. அந்த வரிசையில் அவள் முகவரியையும் போட்டேன். இது வேலை, முறுக்கை விட்டுக்கொடுத்ததாக ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளுக்கு மட்டும் தமிழில் தட்டினேன். சர்வரில் பழுது இருந்தது, இப்போது சரியாகிவிட்டது, இது டெஸ்ட், கிடைத்ததா என்று மட்டும் சொல்.

அங்கே அப்போது சாயங்காலமாகியிருக்கும். நான் சாயா வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். சாயா ஆறும் முன் பதில் வந்துவிட்டது. அவளுடைய பெயரைத் திரையில் பார்த்ததும் எனக்குக் கண் நிறைந்து எழுத்து தெரியவில்லை. துடைத்துக்கொண்டு திறந்தேன்.

"கெடச்சுதுக்கா. முன்ன உள்ளதும் எல்லாம் கெடச்சுது."

அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. நான் கீழே கீழே இறக்கிப் பார்த்தேன், என்னுடைய டெஸ்ட்தான் இருந்தது. எல்லாம் என்றால் விறகுச் சண்டை, கிணற்றுப் படி, வரிக்கைச் சக்கை, பொங்கலன்று என் ஒருத்திக்காகப் பானை வைத்ததை நான் சிரித்துக்கொண்டே எழுதியது, எல்லாம். அவள் பொய் சொல்லியிருக்கலாம். ஒன்றும் வரலியேக்கா, என்னாச்சு என்று ஒரு வரி எழுதியிருந்தால், சர்வர் மேல் பழியைப் போட்டு நாங்கள் இரண்டு பேரும் மறுபடி தொடங்கியிருப்போம். அதற்கான வழியை நானேதான் திறந்துவைத்துக் கொடுத்தேன். அவள் அதில் வரவில்லை. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். நான்தான் ஆடிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு வலித்தது, அதைவிட வெறுமையாக இருந்தது.

வீட்டு மணம் சிலருக்குத் தாங்காது என்று இப்போது நினைக்கிறேன். இது என் நினைப்புதான், அவள் சொன்னதில்லை.

மதியம் முதல்வர் எட்டிப் பார்த்தார். ஒரு கம்பெனியிலிருந்து பதில் வந்துவிட்டதாம், பிள்ளைகளை நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம். அவருக்கு முகமெல்லாம் பல். அப்போ இனி எல்லாருக்கும் ஒழுங்கா போய்ச் சேருமில்லியா மேடம் என்று கேட்டார்.

"முன்னையும் போய்ச் சேர்ந்திருக்கு சார்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. நான் ஆறிப்போன சாயாவை எடுத்துக் குடித்தேன்.